தாய் ஒன்று, பிள்ளைகள் பல: ஃபோர்க்கும் ஜாவாவும் எங்கட போனும்

உங்கட அன்ட்ரொய்ட் போனில் எந்தச் செயலியும் வெறுமையில் இருந்து தொடங்குவதில்லை. வட்ஸ்அப்பைத் தொடுகிறீர்கள் என்று வைப்போம். போனைப் போட்ட நேரம் முதல் விழித்துக்கொண்டிருக்கும் ஒரு தாய் நிரல், தன்னைப் போலவே இன்னொரு படியைப் பிரித்துத் தருகிறது. அந்தப் படிதான் வட்ஸ்அப் ஆகிறது. ஃபேஸ்புக்கைத் தொட்டால் இன்னொரு படி. கடலுக்குப் போக முதல் காற்றுப் பார்க்கிற செயலியைத் தொட்டால் இன்னுமொன்று. அந்தத் தாயின் பெயர் ஸைகோட். பள்ளிக்கூடத்து விஞ்ஞானப் புத்தகத்தில் ‘நுகம்’ என்று படித்தோமே, கருக்கட்டியதும் உருவாகிற முதற் கலம், அதே சொல்தான்.

இப்படித் தன்னைத் தானே இரண்டாகப் பிரிக்கிற வேலைக்குக் கணினிக்காரர் வைத்த பெயர் ஃபோர்க். இதில் எங்களைப் பிடித்து இழுத்த விசயம் ஒன்று இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் ஜாவா இயந்திரத்துக்குள் இருந்து ஃபோர்க் செய்யாதே என்பது ஜாவா உலகத்தின் பழைய கட்டுப்பாடு. செய்தவர்கள் பட்டுத் தெளிந்திருக்கிறார்கள். ஆனால் இண்டைக்கு எங்கட கையில் இருக்கிற போன் ஒரு நாளைக்குப் பல தடவை அதையே செய்கிறது, ஒரு பிசகும் இல்லாமல். கட்டுப்பாடு ஏன் வந்தது? யார், எப்படி, எதற்காக அதை மீறினார்கள்?

“கலைப்பீடத்துப் பிள்ளையளுக்கு இதில என்ன வேலை?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். கல்வெட்டும் குளமும் மட்டும்தான் வரலாறா? ஒரு தட்டுப்பாட்டுக் காலத்தில் சிலர் எடுத்த முடிவு, அந்தத் தட்டுப்பாடு போன பிறகும் ஐம்பது வருடத்துக்கு மேலாக எல்லோரையும் கட்டி வைத்திருக்கிறது. இதைவிட வரலாறு வேறென்ன வேண்டும் என்று திருப்பிக் கேட்டோம்.

கதை 1963 இல் மெல்வின் கொன்வே எழுதிய ஒரு கட்டுரையில் தொடங்குகிறது. ஒரு வேலையை இரண்டு கிளையாகப் பிரித்து ஓடவிட்டுப் பிறகு ஒன்றாகச் சேர்ப்பதைப் பற்றி அவர் எழுதினார். பிரிவதற்கு ஃபோர்க், சேர்வதற்கு ஜொயின். அந்த எண்ணம் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் நடந்த ஜீனி என்ற திட்டத்துக்குள் போனது. பெர்க்லியில் படித்த கென் தொம்சன் பிறகு நியூ ஜேர்சியில் பெல் ஆய்வுகூடத்தில் வேலை செய்தார். 1969 இல் அங்கே மூலையில் கிடந்த பிடிபி-7 என்ற பழைய கணினியில் அவரும் டெனிஸ் ரிச்சியும் யுனிக்ஸை எழுதத் தொடங்கினார்கள்.

அந்த இயந்திரத்தின் நினைவகம் மிகச் சிறியது. ஒரு நேரத்தில் ஒரு முறைவழிக்குத்தான் அதில் இடம். (ஓடிக்கொண்டிருக்கிற ஒரு நிரலைத்தான் இங்கே முறைவழி என்கிறோம்.) மற்றதற்கு முறை வரும்போது, இருப்பதைத் தூக்கி வட்டில் எழுதிவிட்டு, வட்டில் கிடப்பதை உள்ளே எடுக்க வேண்டும். ஆகவே நினைவகத்தை அப்படியே வட்டில் எழுதுகிற நிரல் முன்னமே கையில் இருந்தது. தொம்சனுக்குப் புதிய முறைவழி ஒன்றை உருவாக்க வழி தேவைப்பட்டபோது, மிகச் சுகமான வழி கண்முன்னே கிடந்தது. இருப்பதை வட்டில் எழுது, ஆனால் வெளியேற்றாதே, நினைவகத்தில் இருப்பது தொடர்ந்து ஓடட்டும். இப்போது ஒன்று இரண்டாகிவிட்டது. பட்டியலில் ஒரு வரி கூடும், அவ்வளவுதான். பிடிபி-7 இல் ஃபோர்க்குக்கு மொத்தம் 27 வரிதான் பிடித்தது என்று ரிச்சியே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

அழகுக்காகவோ தத்துவத்துக்காகவோ செய்தது இல்லை இது. வீட்டில் இருந்த சாமானை வைத்துச் சமைத்த கறி. ஆனால் கறி நல்லாய் வந்துவிட்டது. பிரிந்த பிள்ளை, புதிய நிரலாக மாறுவதற்கு முன்னால், தன்னுடைய வாசலையும் வழியையும் தானே மாற்றி வைத்துக்கொள்ளலாம். திரைக்குப் போகிறதைக் கோப்புக்குத் திருப்பலாம். ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொரு நிரலின் வாயில் ஊட்டலாம். யுனிக்ஸின் கட்டளைக்கோட்டில் இண்டைக்கும் ரசிக்கப்படுகிற பாதி வித்தை இந்த இடைவெளியில்தான் நடக்கிறது. முதலில் பிரி, பிறகு மாறு. இந்த இரண்டாவது படிக்கு எக்ஸெக் என்று பெயர். பிள்ளை தன் பழைய உள்ளடக்கத்தை முழுதாக எறிந்துவிட்டு வேறொரு நிரலை அணிந்துகொள்ளும். இந்த இரண்டு சொல்லையும் நினைவில் வைத்திருங்கள், கடைசிவரை வேண்டும்.

முதல் குறை வந்தது இயந்திரங்கள் பெருத்த பிறகு. ஒரு பெரிய நிரல், ‘இண்டைக்கு என்ன திகதி’ என்று கேட்கிற குட்டி நிரல் ஒன்றை ஓடவிட வேண்டுமானால், தன்னை முழுக்கப் படியெடுத்து, அடுத்த கணமே அந்தப் படியை எறிய வேண்டும். வீட்டைப் பெயர்த்துக் கட்டிவிட்டு உடனே இடிக்கிற மாதிரி. பெர்க்லிக்காரர் தங்கட யுனிக்ஸில் 1979 அளவில் ஒரு குறுக்குவழி போட்டார்கள். பெயர் விஃபோர்க். இதில் படியே கிடையாது. தாய் அசையாமல் நிற்க, பிள்ளை தாயின் நினைவகத்திலேயே நின்று, எக்ஸெக் செய்து வெளியேறும் வரை இரவல் வாழ்க்கை வாழும். இது தற்காலிகம், ஒழுங்கான வழி வந்ததும் நீக்கப்படும் என்று அவர்களுடைய கையேட்டிலேயே அறிவித்திருந்தார்கள். எங்கட ஊரில் தற்காலிகக் கொட்டில்களுக்கு நடக்கிறதுதான் அதற்கும் நடந்தது. இன்னும் நிற்கிறது.

இரண்டாவது குறைதான் உண்மையான கண்டம். அது இழைகளோடு வந்தது.

ஆரம்பத்தில் ஒரு முறைவழிக்குள் ஒரே ஒரு ஓட்டம். வரி வரியாகப் போகும். பிறகு ஒரே முறைவழிக்குள், ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டு, பல ஓட்டங்கள் ஒரே நேரத்தில் போகலாம் என்று வந்தது. அவைதான் இழைகள். ஒரே பொருளை இரண்டு இழை ஒரே நேரத்தில் மாற்றினால் நாசம் என்பதால், ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பூட்டு. பூட்டை எடுத்தவர் வேலையை முடித்துத் திருப்பி வைக்கும் வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். இப்போது கேள்வி: பத்து இழை ஓடிக்கொண்டிருக்கிற முறைவழியில், ஒரு இழை மட்டும் ஃபோர்க் என்று சொன்னால் பிள்ளையில் எத்தனை இழை இருக்கும்?

சண் நிறுவனத்தின் சொலாரிஸ் சில காலம் இரண்டு விதமும் வைத்திருந்தது. எல்லா இழையையும் படியெடுக்கிறது ஒன்று, கேட்டவரை மட்டும் எடுக்கிறது இன்னொன்று. எல்லாரையும் எடுத்தால், ஒரு இழை பாதிக் கடிதம் அனுப்பிக்கொண்டிருந்தால், மீதிக் கடிதத்தை இரண்டு பேர் அனுப்புவார்கள். 1995 இல் இழைகளுக்கான பொசிக்ஸ் தரம் வந்தபோது, கேட்டவர் மட்டும்தான் பிள்ளைக்குள் வருவார் என்று தீர்ந்தது. அதில் வேறு வினை.

கரைவலை இழுக்கிற ஒரு கரையை நினைத்துப் பாருங்கோ. இரண்டு பக்கமும் கயிறு, ஒவ்வொரு கயிற்றிலும் ஒரு வரிசை ஆட்கள், நடுவில் நின்று குரல் கொடுக்கிற சம்மாட்டி, வாடிக்குள் சாமான் அறை, அதற்கு ஒரு பூட்டு. சாமான் அறையைத் திறக்க ஒருவர் திறப்போடு உள்ளே போயிருக்கிறார். அந்தக் கணத்தில் யாரோ மந்திரம் போட்டு முழுக் கரையையும் இன்னொரு கரையாகப் படியெடுக்கிறார். கடல், வலை, இழுபட்டு விறைத்து நிற்கிற கயிறு, கேத்திலில் பாதித் தேத்தண்ணி, உள்ளால் பூட்டியிருக்கிற சாமான் அறை, எல்லாம் அச்சொட்டாக வந்துவிட்டன. ஆனால் ஆட்களில் ஒரே ஒருவர்தான் வந்திருக்கிறார். படி வேண்டும் என்று கேட்டவர். மற்றக் கரையில் திறப்புக்காரர் வேலை முடித்து வெளியே வருவார். இந்தக் கரையில் திறப்புக்காரரே இல்லை. கதவோ உள்ளால் பூட்டு. வந்தவர் கதவைத் தட்டிவிட்டுக் காத்திருக்கிறார். திறக்கும் என்று நம்புகிறார். அவர் கண்ணுக்கு எல்லாமே வழமைபோலத்தான் தெரிகிறது. கயிறு மெதுவாக நழுவிக்கொண்டிருக்கிறது.

இழைகள் உள்ள முறைவழியில் ஃபோர்க் செய்தால் பிள்ளையில் நடப்பது இதுதான். அதனால்தான் தரம் ஒரு கட்டுப்பாட்டையும் சேர்த்து எழுதியது. அப்படிப் பிறந்த பிள்ளை, எக்ஸெக் செய்யும் வரைக்கும், பூட்டுத் தேவைப்படாத ஒரு சின்னப் பட்டியல் வேலைகளைத்தான் செய்யலாம். நினைவகம் கேட்பது கூட அந்தப் பட்டியலில் இல்லை. ஏனென்றால் நினைவகம் பங்கிடுகிறவரிடமும் பூட்டு இருக்கிறது.

இனி ஜாவா. 1991 இல் சண் நிறுவனத்தில் ஜேம்ஸ் கொஸ்லிங் முதலானோர் கிரீன் என்ற திட்டத்தில் எழுதிய மொழி அது. முதலில் ஓக் என்று பெயர். அந்தப் பெயர் ஏற்கெனவே வேறொரு நிறுவனத்திடம் இருந்ததால், 1995 இல் ஜாவா என்று மாற்றி வெளியிட்டார்கள். கோப்பிக்குப் பேர்போன தீவின் பெயர். தமிழுக்கு அது புதிய பெயர் இல்லை. சாவகம் என்று எங்கள் இலக்கியங்கள் சொல்லும் நாட்டோடு சேர்த்து எண்ணப்படுகிற தீவு அது. மாதோட்டத்து மண்ணைத் தோண்டினால் சீனத்துப் பீங்கான் வரும் என்று 1980களில் அங்கே அகழ்வு செய்த ஜோன் கார்ஸ்வெல் காட்டினார். கிழக்கே போகிற கப்பல்களுக்கு எங்கட கரையும் ஒரு தரிப்பிடம். சரி, கதையை விட்டு விலகிறோம்.

ஜாவாவின் வாக்குறுதி, ஒரு தடவை எழுதினால் எந்தக் கணினியிலும் ஓடும் என்பது. அதற்காக ஒவ்வொரு கணினியிலும் ஒரு மெய்நிகர் இயந்திரம் நடுவில் நிற்கும். நிரலாளர் ஒரே ஒரு வரி எழுதி, ‘வணக்கம்’ என்று மட்டும் அச்சிடச் சொன்னாலும், அந்த இயந்திரத்துக்குள் பத்துக்கு மேற்பட்ட இழைகள் ஓடும். பாவித்து எறிந்த நினைவகத்தைத் திரட்டுகிற குப்பை பொறுக்கி இழைகள். அடிக்கடி ஓடுகிற பகுதிகளை இயந்திர மொழிக்கு மாற்றுகிற மொழிபெயர்ப்பு இழைகள். எல்லாரையும் ஒரு நிமிசம் நில் என்று சொல்லி ஒழுங்குபடுத்துகிற ஒரு மேற்பார்வை இழை, எங்கட சம்மாட்டி மாதிரி. நிரல் எழுதியவருக்கு இவர்களில் ஒருவரையும் தெரியாது. தனிய இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

ஜாவா மொழிக்குள் ஃபோர்க் என்ற கட்டளையே கிடையாது. சரியான முடிவு என்பது எங்கட கருத்து. ஆனால் ஜாவாவில் இருந்து சி மொழியில் எழுதிய நேட்டிவ் கோடைக் கூப்பிடலாம். சி மொழிக்கு ஃபோர்க் தெரியும். ஒரு பழைய சி நூலகத்தை ஜாவாவோடு ஒட்டுகிறீர்கள். அந்த நூலகம் எங்கேயோ உள்ளே, யுனிக்ஸ் பழக்கத்தில், ஃபோர்க் செய்கிறது. பிள்ளை பிறக்கிறது. தாயின் முழு நினைவகமும், எல்லாப் பொருட்களும் அப்படியே இருக்கின்றன. குப்பை பொறுக்குகிறவர் இல்லை. மொழிபெயர்ப்பாளர் இல்லை. சம்மாட்டி இல்லை. பிள்ளை சி மொழிக்குள் நிற்கும் வரைக்கும் கொஞ்ச நேரம் சமாளிக்கும். ஜாவாப் பக்கம் திரும்பினால், மேற்பார்வை இழையிடம் ஒரு வேலையை ஒப்படைத்துவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கும். கேட்க ஆளில்லை.

இதில் கொடுமை, பிழைச் செய்தி வராது. நிரல் விழாது, அலறாது. சும்மா நிற்கும். சில நாள் ஃபோர்க் நடந்த கணத்தில் ஒருவர் கையிலும் பூட்டு இருக்காது. அப்போது எல்லாம் சரிபோலவே ஓடும். பரிசோதிக்கும்போது ஓடி, பாவனைக்குப் போனபின் மாதத்தில் ஒருநாள் நின்றால், எங்கே தேடுவது?

யுனிக்ஸ் சேவைகள் பின்னணியில் ஓடுவதற்குப் பழைய வழமை ஒன்று உண்டு: இரண்டு தடவை ஃபோர்க் செய்து, தாயை முடித்துவிட்டு, பிள்ளையை அநாதையாக ஓடவிடுவது. ஜாவாச் சேவையகங்களுக்கு அது முடியாது. அப்பாச்சியின் ஜேஎஸ்விசி என்ற சின்ன சி நிரல் இதற்கு எடுத்த வழி மிக எளிது. முதலில் ஃபோர்க் செய். பிறகு பிள்ளைக்குள் ஜாவா இயந்திரத்தைத் தொடங்கு. ஆட்கள் வேலைக்கு வர முதலே கரையைப் படியெடுத்துவிடுவது. இந்த வரிசைமுறையை மறக்காதீர்கள். அன்ட்ரொய்ட் கிட்டத்தட்ட இதைத்தான் வேறு விதமாகச் செய்தது.

ஜாவா மற்ற நிரல்களை ஓடவிடுவதற்கென்று சட்டப்படியான கதவு ஒன்று வைத்திருக்கிறது. உள்ளே அது ஃபோர்க் செய்து, உடனே எக்ஸெக் செய்துவிடும்; பிள்ளை ஜாவாப் பக்கம் திரும்பிப் பார்க்கவே மாட்டாது. பூட்டுப் பிரச்சினை இப்படித் தப்பியது. ஆனால் 1979 இன் பிரச்சினை திரும்பி வந்தது. நவீன ஃபோர்க் உண்மையில் எல்லாவற்றையும் படியெடுப்பதில்லை. ஒரு நோட்ஸ் கொப்பியை இரண்டு பேர் சேர்ந்து பார்ப்பது மாதிரி. யாராவது ஒரு பக்கத்தில் எழுதப் போனால் அந்தப் பக்கம் மட்டும் ஃபோட்டோகொப்பி எடுக்கப்படும். எழுதாத பக்கங்கள் பொதுவிலேயே கிடக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எல்லாப் பக்கத்திலும் எழுத நேர்ந்தால் போதுமான தாள் இருக்கிறதா என்று இயங்குதளம் முன்கூட்டியே யோசிக்கிறது. பல கிகாபைட்டுப் பிடித்துக்கொண்டிருக்கிற ஒரு ஜாவாச் சேவையகம், ஒரு கோப்பின் அனுமதியை மாற்றுகிற குட்டி நிரலை ஓடவிடக் கேட்டால், அவ்வளவு கிகாபைட்டுக்கும் இன்னொரு மடங்கு உறுதி கேட்பதாகவே இயங்குதளம் எடுத்துக்கொள்ளும். சொலாரிஸ் இதில் கறார். லினக்ஸ் கொஞ்சம் தாராளம், ஆனாலும் சில வேளை மறுத்துவிடும்: பிழை 12, நினைவகம் ஒதுக்க முடியாது. ஹடூப் என்ற பெருந்தரவு மென்பொருளை ஓடவிட்டவர்களுக்கு இந்த ‘பிழை 12’ பழகிய எதிரி.

ஜாவாக்காரர் என்ன செய்தார்கள்? லினக்ஸில் விஃபோர்க்கிடம் போனார்கள். ஆம், விரைவில் நீக்கப்படும் என்று சொல்லப்பட்ட அதே தற்காலிகக் கொட்டில். பெரிய பெரிய வங்கிகளின் ஜாவா நிரல்கள் அந்தக் கொட்டிலின் கீழ்தான் பல வருடம் ஒதுங்கி நின்றன. 2019 இல் வந்த ஜாவா 13 தான் லினக்ஸில் வழமையான முறையை மாற்றியது. ஜேஸ்போன்ஹெல்ப்பர் என்ற ஒரு குட்டி உதவி நிரலை முதலில் எழுப்பி, கோப்புகளை மூடுவது போன்ற துப்புரவு வேலைகளை அதனிடம் விட்டு, அதன் பிறகே கேட்ட நிரலுக்குப் போகும் முறை வந்தது.

இலங்கை இதில் எங்கே நிற்கிறது? வெறும் பாவனையாளராக மட்டும் இல்லை. 2003 இல் சஞ்சீவ வீரவரண தொடங்கிய லங்கா சொஃப்ட்வெயார் பவுண்டேசன் வழியாகக் கொழும்பு இளைஞர்கள் அப்பாச்சித் திட்டங்களில் எழுதத் தொடங்கினார்கள். அக்சிஸ்2 என்ற ஜாவா மென்பொருளில் இலங்கையர் பங்கு பெரியது. 2005 இல் டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் தொடங்கியது, அதன் மூச்சும் ஜாவாதான். அதே அக்சிஸ்2 ஐச் சி மொழியிலும் எழுதினார்கள் என்பது எங்களுக்குச் சுவையான விசயம். பிஎச்பி போன்ற மொழிகளோடும் அப்பாச்சி வலைச் சேவையகத்தோடும் ஒட்டுவதற்கு ஜாவா இயந்திரம் தோதுப்படாது. அப்பாச்சிச் சேவையகத்தின் பழைய முறையே ‘முன்கூட்டிய ஃபோர்க்’ தான்: இழைகள் இல்லாத பிள்ளைகளைக் கேள்வி வர முதலே பெற்று வைத்திருப்பது. ஃபோர்க் உலகமும் ஜாவா உலகமும் கொழும்பில் ஒரே ஆட்களின் மேசையில் இரண்டு பக்கமாக இருந்திருக்கின்றன.

அந்த மேசை எங்களுக்கு எட்டாத் தொலைவில் இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். மன்னாருக்கு 1990 இல் நின்ற ரயில், தலைமன்னார் வரை திரும்பி வந்தது 2015 மார்ச்சில். முதல் அன்ட்ரொய்ட் போன் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது 2008 ஒக்டோபரில். அந்த வருசம் அடம்பன், விடத்தல்தீவுப் பக்கத்துச் சனம் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வன்னிக்குள் நகர்ந்துகொண்டிருந்தது. அதனால்தான் எங்களில் பலருக்கு முதல் கணினி மேசையில் வரவில்லை, கையில் வந்தது. யாரோ பாவித்துவிட்டுக் கொடுத்த, வெளிநாட்டில் இருந்து மாமா கொண்டுவந்த, கண்ணாடி வெடித்த அன்ட்ரொய்ட்.

இனித்தான் ஸைகோட்.

அந்த முதல் அன்ட்ரொய்ட் போன், எச்டிசி ட்ரீம், 192 மெகாபைட்டு நினைவகம் மட்டுமே கொண்டது. கூகுள் இரண்டு விசயத்தைச் சேர்த்து விரும்பியது. ஒன்று, செயலிகள் ஜாவாவில் எழுதப்பட வேண்டும். மற்றது, ஒரு செயலி இன்னொன்றின் பொருட்களைத் தொடாதபடி ஒவ்வொன்றும் தனி முறைவழியாக, தனிக் கணக்கில் ஓட வேண்டும். அப்படியானால் செயலிக்கு ஒரு மெய்நிகர் இயந்திரம். ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான வகுப்புகளைத் தனித்தனியே ஏற்றினால், இரண்டு செயலியோடு போன் மூச்சடைத்துவிடும்.

டான் போர்ன்ஸ்டைன் எழுதிய அந்த மெய்நிகர் இயந்திரத்தின் பெயர் டால்விக். ஐஸ்லாந்தின் வடகரையில் ஒரு மீன்பிடி ஊரின் பெயர் அது. பேசாலையின் பெயரில் ஒரு இயந்திரம் வந்தால் எப்படியிருக்கும் என்று யோசித்துச் சிரித்தோம். டால்விக் எடுத்த வழி, தடை செய்யப்பட்ட அதே வழி: போன் எழும்பும்போது ஒரே ஒரு இயந்திரத்தைத் தொடங்கு, எல்லாருக்கும் வேண்டிய வகுப்புகளையும் படங்களையும் அதற்குள் ஏற்று, பிறகு செயலி வேண்டும் என்று கேட்கும் ஒவ்வொரு தடவையும் அதை நேட்டிவ் கோடில் இருந்து ஃபோர்க் செய். எக்ஸெக் கிடையாது. பிள்ளை தாயின் நினைவகத்தை எறியாமல், அதிலேயே வாழ வேண்டும். எழுதாத பக்கங்கள் எல்லாப் பிள்ளைக்கும் பொது. ஆயிரக்கணக்கான வகுப்புகள் நினைவகத்தில் ஒரு தடவைதான் இருக்கும்.

பூட்டுகளும் காணாமல்போகும் ஆட்களும்? அதற்கு அவர்கள் செய்தது, ஃபோர்க் செய்ய முதல் ஆட்களை வேலையில் இருந்து அனுப்பிவிடுவது. டால்விக்கின் இடத்துக்கு 2014 இல் அன்ட்ரொய்ட் 5 உடன் முழுதாக வந்த ஏஆர்டி என்ற இயந்திரத்தின் மூலநிரலில் இதைப் பார்க்கலாம். ஸைகோட் தன் பின்னணி இழைகளை, குப்பை பொறுக்குகிறவர் உட்பட, ஒவ்வொன்றாக நிறுத்துகிறது. நின்றுவிட்டார்களா என்று லினக்ஸின் இழைப் பட்டியலைப் பார்த்து எண்ணுகிறது. ஒரே ஒருவர் மிஞ்சும் வரை காத்திருக்கிறது. அப்போதுதான் ஃபோர்க். பிறகு தாயும் பிள்ளையும் தங்கட தங்கட ஆட்களை மறுபடி கூப்பிட்டுக்கொள்கின்றன. ஸைகோட் எழும்பும் நேரத்தில் யாராவது புதிய இழை தொடங்கினால் அதைப் பிழையென்று பிடிக்கிற காவலும் உண்டு. வலை கரை சேர்ந்து, கயிறு சுருட்டி, அறையைப் பூட்டித் திறப்பை மாட்டிவிட்டு, எல்லாரும் தேத்தண்ணிக்குப் போன நேரத்தில் கரையைப் படியெடுக்கிறார்கள்.

இன்னொரு நுட்பம் இருக்கிறது, எங்களுக்கு இதுதான் மிகப் பிடித்தது. குப்பை பொறுக்குகிறவர் வேலை செய்யும்போது, இது வேண்டும், இது வேண்டும் என்று ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சரி அடையாளம் போடுவார். அந்த அடையாளத்தைப் பொருளின் மேலேயே போட்டால் என்ன நடக்கும்? நோட்ஸ் கொப்பியின் ஒவ்வொரு பக்கத்திலும் எழுதின மாதிரி. எல்லாப் பக்கமும் ஃபோட்டோகொப்பி ஆகி, பொதுவில் ஒன்றும் மிஞ்சாது. ஆகவே டால்விக் அடையாளங்களை வேறொரு தாளில் வைத்தது. இவ்வளவு சின்ன முடிவு. இது இல்லாவிட்டால் முழு ஏற்பாடும் வீண்.

சும்மா வந்த வசதி இல்லை இது. ஒரே தாயின் பிள்ளைகள் என்பதால், எல்லாச் செயலிக்கும் உள்வீட்டு அமைப்பு ஒன்றே. எந்த அறை எங்கே என்பது தாக்குபவருக்குத் தெரியக்கூடாது என்பதற்காக, முறைவழிகளின் நினைவக முகவரிகளை இயங்குதளம் எழுந்தமானமாகக் கலைத்து வைக்கும். ஸைகோட்டில் அந்தக் கலைப்பு ஒரு தடவைதான் நடக்கிறது. ஒரு செயலிக்குள் புகுந்து முகவரியைத் தெரிந்துகொண்டவருக்கு மற்றச் செயலிகளின் முகவரியும் கிட்டத்தட்டத் தெரிந்துவிடும். அமெரிக்காவின் ஜோர்ஜியா ரெக் ஆய்வாளர்கள் 2014 இல் இதைக் காட்டி, மொறுலா என்ற மாற்று வழியை முன்வைத்தார்கள். நுகத்துக்கு அடுத்த கரு நிலையின் பெயர் அது. பாதுகாப்பை முதலாய் வைத்து அன்ட்ரொய்டை மாற்றி எழுதிய கிரஃபீன்ஓஎஸ், ஒவ்வொரு செயலியையும் எக்ஸெக் வழியாகப் புதிதாகவே தொடங்குகிறது. விலை: திறக்கக் கொஞ்சம் தாமதம், ஒவ்வொரு செயலிக்கும் கூடுதல் நினைவகம்.

2019 மே மாதம், இயங்குதள ஆய்வாளர் கூடும் மாநாடு ஒன்றில், அன்ட்ரூ பௌமன், ஜொனதன் அப்பவு, ஒரன் கிரீகர், திமோதி ரொஸ்கோ நால்வரும் ஃபோர்க்குக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லி ஒரு கட்டுரை வாசித்தார்கள். இழைகளோடு ஒத்துப்போகாது, பாதுகாப்புக்குக் கேடு, இயங்குதளத்தின் வடிவத்தையே கட்டிப்போடுகிறது, மாணவருக்கு இதை ஒரு பழைய காலத்துப் பொருளாகவே படிப்பிக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். வாசித்தபோது பெரும்பாலான இடத்தில் தலையாட்டினோம். 27 வரியின் சுகத்துக்காக, பிறகு வந்த ஒவ்வொரு தலைமுறையும் ஆயிரக்கணக்கான வரி கட்டியழுகிறது என்பது உண்மை.

ஆனால் ஒரு இடத்தில் எங்களால் முழுதாக ஒத்துப்போக முடியவில்லை. யாருடைய கணினியில் இருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. எட்டோ பன்னிரண்டோ கிகாபைட்டு உள்ள போன் வைத்திருப்பவருக்குச் செயலிக்குத் தனி இயந்திரம் என்பது கட்டுபடியாகிற சொகுசு. 2017 இல் கூகுள் அன்ட்ரொய்ட் கோ என்று ஒன்றைக் கொண்டுவந்தது, ஒரு கிகாபைட்டும் அதற்குக் குறைவாகவும் நினைவகம் உள்ள போன்களுக்கு. அந்தப் போன்களில் வட்ஸ்அப்பும் காற்றுப் பார்க்கிற செயலியும் வங்கிச் செயலியும் பக்கம் பக்கமாக நிற்பது, பொதுவில் கிடக்கிற அந்தப் பக்கங்களால்தான். ஃபோர்க் தட்டுப்பாட்டில் பிறந்தது என்று தொடக்கத்தில் எழுதினோம். பெல் ஆய்வுகூடத்தில் அந்தத் தட்டுப்பாடு எப்போதோ தீர்ந்துவிட்டது. எங்கட பக்கம் இன்னும் தீரவில்லை. பாதுகாப்புக் குறைவு என்பதும் பொய்யில்லை. மலிவான போன் வைத்திருப்பவர்தான் அந்த ஆபத்தையும் சேர்த்துச் சுமக்கிறார், அவரிடம் யாரும் கேட்காமலே. ஃபோர்க்கை நீக்கச் சொல்பவர்கள், பகிரப்பட்ட பக்கங்களுக்கு அதே அளவு மலிவான மாற்று ஒன்றையும் கையில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும் என்பது எங்கட பக்கத்துக் கோரிக்கை.

நம்பிக்கை இல்லாதவர்கள் தாங்களே பார்க்கலாம். கணினி உள்ள ஒருவரிடம் போனை வயரில் கொழுவி, ஏடிபி என்ற கருவியால் முறைவழிப் பட்டியலை எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வரியிலும் முறைவழியின் இலக்கமும், பக்கத்தில் அதன் தாயின் இலக்கமும் இருக்கும். வட்ஸ்அப்பின் தாய் இலக்கத்தைப் பாருங்கள், ஃபேஸ்புக்கின் தாய் இலக்கத்தைப் பாருங்கள். பல போன்களில் ஸைகோட் இரண்டு இருக்கும்: 64 பிட்டுச் செயலிகளுக்கு ஒன்று, பழைய 32 பிட்டுச் செயலிகளுக்கு ஒன்று. அந்த இரண்டுக்கும் தாய் இலக்கம் 1.